மூன்று மாதச் சம்பளம்

சீட்டுக் கம்பெனியின் ஷட்டரை இறக்கிய அன்று
மேனேஜர் சொன்னார்:
பிடிச்சதை எடுத்துட்டுப் போ பிள்ளே.
மேசையை சுபின் தூக்கினான்.
மின்விசிறியை வாட்ச்மேன் கழற்றினார்.
எனக்கு மிஞ்சியது
ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ரப்பர் ஸ்டாம்புகள்,
ஊதா மைக்குப்பி இரண்டு, நீலம் ஒன்று.
மூன்று மாதச் சம்பளத்துக்கு அதுதான் கணக்கு.

தக்கலையில் வாடகை வீடு.
சாரல் தொடங்கினால் வடக்குச் சுவரில் ஈரம் ஏறும்,
வருஷத்துக்கு ஒரு சாண்.
ஆணி அடிக்கக் கூடாது என்பது ரோஸ்லெட் அக்காவின் சட்டம்,
அட்வான்ஸ் வாங்கும்போதே சொன்னது.
சாய்த்து வைத்தால் யார் கேட்பது என்று
மரக்கடையில் கழித்துப் போட்ட பிளைவுட்டை
ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தேன்.

முதலில் சுவருக்கடிக்கும் பிரைமர், இரண்டு பூச்சு.
அது காயுமுன் கொஞ்சம் பேண்டேஜ் துணி,
குளச்சலில் பெனிலா வீட்டு முற்றத்தில் கிடந்த
நைலான் வலைத் துண்டு.
பெவிகால் விரல்நுனியில் தோலாக உரிந்தது.
மெத்தைப் பஞ்சால் நீலத்தை ஒற்றி
ஈரம் போகுமுன் புத்தளம் அளத்துக் கல்லுப்பைத் தூவினேன்.
உப்பு மையைக் குடிக்கும்.
குடித்த இடம் வெளிறும், நுரை மாதிரி.
சில இடத்தில் தேமல் மாதிரி.
தேமலை அப்படியே விட்டேன்.

பிறகுதான் டப்பாவைத் திறந்தது.
‘பெறப்பட்டது’, பிடி உடைந்து.
‘நகல்’.
தேதி ஸ்டாம்பு ஜூன் பதினொன்றில் இறுகிக் கிடந்தது,
எண்ணெய் விட்டும் நகரவில்லை.
‘ரத்து’ மட்டும் புத்தம்புதிது,
கடைசி வாரத்தில் செய்யக் கொடுத்தது.

ரத்து ரத்து ரத்து
என்று கீழிருந்து குத்திக்கொண்டே போனேன்.
அடுத்த வரி கொஞ்சம் சரிவாக.
மை தீரத் தீர எழுத்து மங்கும்,
பேடில் அழுத்தினால் மறுபடி இருட்டும்.
இருநூறு தாண்டியபோது எழுத்து எழுத்தாக இல்லை.
‘து’வின் சுழியெல்லாம் சுருண்டு
முட்டம் பாறைக்குக் கீழே
நாலு மணிக்குப் பார்க்கிற கடல்.
ஜூன் பதினொன்றுகளை நெருக்கி அடித்து
அடிவானம் ஆக்கினேன்.
அறுந்த ஹவாய் செருப்பின் குதிகாலில்
பிளேடால் ஒரு வள்ளம் செதுக்கினேன்.
கரைக்கு வருவதாகச் செதுக்கியது,
அச்சில் கரையை விட்டுப் போனது.

வாடகைக்கு வந்த ரோஸ்லெட் அக்கா
கதவருகே நின்று,
கொள்ளாமே, கடலா? என்றாள்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனாள்.
போனவள் வெகுநேரம் திரும்பவில்லை.
நான் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.
அணைத்தேன்.
அவள் பாஸ்புக்கில் மாதாமாதம்
‘பெறப்பட்டது’ குத்தியது நான்தான்.
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை
அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.
வீடு கேட்டு வந்த அன்றும் தெரிந்திருக்கும்.
ஒருநாளும் கேட்டதில்லை.

பணத்தை எண்ணாமல் மடித்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் காலை பாஸ்புக்கோடு வந்தாள்.
மகளுக்கு நகைக்குச் சேர்த்தது, என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
நடுத்தாளை அவளே கிழித்தாள்.
நான் பாயாக வெட்டி வள்ளத்தின்மேல் ஒட்டினேன்,
என் கையால் குத்திய இருபத்தாறு முத்திரையோடு.
இந்த வள்ளத்துக்கு இவ்வளவு பெரிய பாய் ஆகாது, என்றாள்
மீன்பிடிக்காரனுக்குப் பிறந்தவள்.
ஆகாதுதான்.

வெளியே அடைமழை.
மை எப்படிக் காயும்.
தொட்டுப் பார்த்த பெருவிரலை
செருப்பு மாட்டும்போது சுவரில் ஊன்றிவிட்டாள்.
அவளுடைய சுவர், போன ஈஸ்டருக்கு அடித்த வெள்ளை.
ஊதாவில் ஒரு ரேகை.
பார்த்தாள்.
துடைக்கவில்லை.

ஆணி உண்டா ஒங்கிட்ட? என்றாள்.